சைலன்சருக்குக் காசு இருக்கிறது, டயருக்கு இல்லையா?

முந்தாநாள் இரவு பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது டெக்சாஸில் இருக்கிறான். ரொம்ப நாள் ஆசைப்பட்டு மாஸ்டா மியாட்டா வாங்கிவிட்டானாம். 2019 மாடல், இரண்டாவது கை. இரண்டே இருக்கை, மேல்கூரையை மடித்துக்கொள்ளலாம். நல்ல வண்டி. "சார், இதெல்லாம் போடலாம்னு இருக்கேன். உங்க பையனும் இதே வண்டிதானே வச்சிருக்காரு, கேட்டுச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தான்.

பட்டியலில் பதினொரு சாமான்கள். முழு சைலன்சர் செட், குளிர்காற்று உறிஞ்சி, கார்பன் ஃபைபர் பானட், 18 அங்குல வீல்கள், பின்பக்க இறக்கை, லித்தியம் பேட்டரி, டைட்டானியம் வீல் நட்டுகள், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், பிரேக் கேலிப்பருக்கு மேலே மாட்டும் சிவப்பு மூடி, இன்னும் இரண்டு. மொத்தம் 6,400 டாலர். அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட தரையைத் தொடுகிற பொருள் இல்லை. பிரேக் என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் மூடியாக.

தம்பி, என் மகனிடம் கேட்க வேண்டியதில்லை. அவனும் இதே பட்டியலைத்தான் வாங்கினான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனவே நானே பதில் சொல்கிறேன். உனக்கு மட்டும் சொல்லாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம், உன்னைப் போல இன்னும் பத்துப் பேராவது இதே பட்டியலோடு இருப்பார்கள் என்பதுதான்.

"இந்த வாத்தியாருக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம். நான் வாழ்நாளில் ஓட்டியது ஒரு டிவிஎஸ் 50, ஒரு மாருதி 800. ஆனால் நிறை, விசை, உராய்வு, வெப்பம் நான்கையும் முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதி அழித்தவன். ஸ்போர்ட்ஸ் கார் என்பது அந்த நான்கு பாடங்களுக்கு நாலு சக்கரம் மாட்டியதுதான். தவிர, கோயம்புத்தூர்க்காரன். மாருதி 800-இன் குட்டி எஞ்சினை வைத்துப் பந்தயக் காரே செய்து காட்டிய கரிவர்தனின் ஊர். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் பிறகு ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். பெரிய எஞ்சின் இல்லாமல் வேகமாகப் போகலாம் என்பது எங்கள் ஊருக்குப் புதுச்செய்தி அல்ல.

கணக்குக்கு வருவோம். உன் மியாட்டா ஏறக்குறைய 1,060 கிலோ. உன்னையும் சேர்த்தால் 1,140 என்று வைத்துக்கொள். எஞ்சின் 181 குதிரைத்திறன். இப்போது அரும்பாடுபட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து 20 கிலோ குறைக்கிறாய். இருபதை 1,140-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் சதவீதம். வேகமெடுப்பதில் அது ஏறத்தாழ மூன்று குதிரைத்திறன் கூடியதற்குச் சமம். ஸ்டாப்வாட்ச் சில நேரம் கண்டுபிடிக்கும். உன் முதுகு கண்டுபிடிக்காது.

அதே வண்டியின் பெட்ரோல் டேங்க் 45 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. முழு டேங்க் 33 கிலோவுக்கு மேல். பந்தயத் தடத்துக்குப் போகும் நாளில் பாதி டேங்கோடு போனால் 16 கிலோ போயிற்று, செலவே இல்லாமல். பக்கத்து இருக்கையிலிருந்து என்னை இறக்கிவிட்டால் 78 கிலோ. மகனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். ஆனால் அடுத்த வாரமே டைட்டானியம் நட்டு பார்சல் வந்தது. இந்த வண்டிக்குச் சக்கரத்துக்கு நாலு வீதம் பதினாறு நட்டு. பதினாறுக்கும் சேர்த்து அரைக் கிலோ தேறினால் அதிகம். மதியம் ஒரு கரண்டி சோறு குறைத்திருந்தால் போதும்.

அந்தக் கார்பன் பானட் கதை இன்னும் வேடிக்கை. உன் வண்டியின் பானட் ஏற்கெனவே அலுமினியம். டிக்கி மூடியும் அலுமினியம், முன் ஃபெண்டர்களும் அலுமினியம். வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. இதற்கு முந்தைய தலைமுறை மியாட்டாவைச் செய்தபோது உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் 84 கிராம் குறைத்ததைப் பெருமையாகச் சொன்ன கம்பெனி அது. கிராம் கிராமாகச் சுரண்டி எடுத்தவர்கள் உனக்காகப் பத்துக் கிலோவைச் சும்மா விட்டுவைத்திருப்பார்களா? இரும்பு பானட் இருக்கும் பழைய வண்டி என்றால் அந்தச் செலவில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. அலுமினியத்தை எடுத்துவிட்டு கார்பன் போடுவது, மெலிந்த ஆளுக்கு உடல் இளைக்கும் மருந்து கொடுப்பது மாதிரி.

எடை குறைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது பெரிய வித்தை. 1973 போர்ஷே கேரரா ஆர்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின் இருக்கை கிடையாது, உள்ளே கதவை இழுக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிய சட்டத்தின் மேல் நின்றது. மொத்தமே 725 கிலோ அளவு. எஞ்சின் 118 குதிரைத்திறன்தான், ஆனாலும் பெரிய பெரிய வண்டிகளை வளைவுகளில் திணறடித்தது. முதல் மியாட்டாவே 1989-இல் 940 கிலோவில் வந்தது. இவையெல்லாம் காகிதத்தில் கோடு போடும்போதே எடையைக் குறைத்தவை. கட்டி முடித்த வீட்டில் செங்கல் உருவுகிற வேலை வேறு. அதில் கிடைப்பது கொஞ்சம், ஆகும் செலவு அதிகம்.

சரி, எங்கே எடை குறைத்தால் பலன்? சுழலுகிற இடத்தில். வகுப்பில் ஒரு சோதனை செய்வேன், இவனுக்கும் நினைவிருக்கும். ஒரு சாய்ந்த பலகை. மேலிருந்து ஒரு இரும்பு வளையலையும் ஒரு மரத்தட்டையும் ஒன்றாக உருட்டிவிடுவோம். எது முதலில் வரும் என்று கேட்டால் பாதி வகுப்பு வளையல் என்று கத்தும். ஒவ்வொரு முறையும் தட்டுதான் ஜெயிக்கும். எடை விளிம்பில் இருந்தால் அதைச் சுழற்றவும் சக்தி வேண்டும், முன்னே நகர்த்தவும் சக்தி வேண்டும். வீல் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். அதோடு அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. சக்கரம் கனமாக இருந்தால் மேடுபள்ளத்தில் தரையைவிட்டு எழும்பிய டயர் திரும்பி இறங்கத் தாமதமாகும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது?

ஆகவே வீல் மாற்றுவது நல்ல செலவு. ஆனால் நீ என்ன எழுதியிருக்கிறாய்? 18 அங்குலம், அதுவும் விலை மலிவான வார்ப்பு. பெரிய வீல், கனமான வீல், மேலே பட்டையாய் ஒரு டயர். எடை குறைக்கப் புறப்பட்டு, எந்த இடத்தில் ஏற்றக் கூடாதோ அந்த இடத்திலேயே ஏற்றியிருக்கிறாய். கம்பெனி கொடுத்த அளவிலோ ஒரு அங்குலம் சின்னதாகவோ, உறுதியான, லேசான வீல் தேடு. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பட்டியலில் உள்ள அத்தனையும் ஒன்று கண்ணில் படுகிறவை, இல்லை காதில் விழுகிறவை. இறக்கை தெரியும், சிவப்பு மூடி தெரியும், சைலன்சர் மூன்று தெருவுக்குக் கேட்கும். டயரின் ரப்பர் எவ்வளவு இளசு என்று யாருக்கும் தெரியாது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் விற்கிறவனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இருபது டாலர் ஆயிலில் அவனுக்கு என்ன லாபம்? "பதினைந்து குதிரை கூடும்" என்று அட்டையில் அச்சடித்தால் நானூறு டாலருக்கு ஒரு குழாயை விற்கலாம். பானட்டைத் திறந்துவைத்து, முன்னால் ஆளுயர மின்விசிறியை ஓடவிட்டு அளந்த குதிரை அது. டெக்சாஸ் வெயிலில் சிக்னலில் நிற்கும்போது அந்தக் குதிரை புல் மேயப் போய்விடும்.

டயருக்கு இன்னொரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய், பிரேக் அடிக்கிறாய். எவ்வளவு தூரத்தில் நிற்பாய்? வேகத்தின் வர்க்கத்தை, இரண்டு பெருக்கல் உராய்வுக் கெழு பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தில் நிறை எங்கே? இல்லை. அடித்துக்கொண்டு போய்விட்டது. உன் கார்பன் பானட் இந்தக் கணக்கில் நுழையவே முடியாது. நுழைவது உராய்வு ஒன்றுதான், அதாவது டயர். கெழு 0.9 என்றால் கிட்டத்தட்ட 44 மீட்டர். நல்ல டயர் போட்டு அது 1.0 ஆனால் 39 மீட்டர் சொச்சம். வித்தியாசம் நாலு மீட்டருக்கு மேல். உன் மியாட்டாவின் மொத்த நீளமே 3.9 மீட்டர்தான். முன்னே நிற்கும் லாரிக்கு ஒரு கார் தூரம் முன்பாக நிற்பதா, லாரிக்குள் நிற்பதா என்பதுதான் பேச்சு.

(நிறைக்குப் பங்கே இல்லையா என்று நுணுக்கம் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். உண்டு. டயர் மேல் பாரம் கூடக்கூட அதன் பிடிப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. லேசான வண்டிக்கு அங்கே கொஞ்சம் லாபம். ஆனால் 20 கிலோவுக்குக் கிடைக்கும் லாபத்தை நுண்ணோக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.)

நிறை உண்மையாகவே கணக்கில் நுழைவது வெப்பத்தில். அதே 1,140 கிலோவை அதே 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறக்குறைய 440 கிலோஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம், ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு. பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து முறை இப்படி அடிக்கிறாய். அந்தச் சூடு டிஸ்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து கேலிப்பருக்கும், கேலிப்பரிலிருந்து உள்ளே இருக்கும் ஆயிலுக்கும் போகும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏறியபின் அந்த எண்கள் 140, 155 என்று இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழ். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். உன் கால் பெடலை மிதிக்கும், பெடல் குமிழை அழுத்தும், பிரேக் பேட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. மகன் டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கிறான். ஆறு மாத விசாவில் நாங்கள் போயிருந்த கோடையில், சவுத் ஹேவன் என்ற ஊரில் உள்ள ஜிஞ்சர்மேன் பந்தயத் தடத்துக்கு என்னையும் அழைத்துப் போனான். காசு கட்டினால் சொந்த வண்டியை அங்கே நாள் முழுக்க ஓட்டலாம். அவன் அம்மாவிடம் மிச்சிகன் ஏரிக்கரையில் சிவப்பு லைட்ஹவுஸ் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். லைட்ஹவுஸ் அந்த ஊரில் இருப்பது உண்மை. நாங்கள்தான் பார்க்கவில்லை.

புது சைலன்சர், புது வீல், புது இறக்கை. டயர் மட்டும் வண்டியோடு வந்த பழையது. பிரேக் ஆயில் வண்டி வாங்கிய நாளிலிருந்து நாலு வருடமாகத் தொடாதது. மூன்றாவது முறை உள்ளே போனபோது, நேர்ச்சாலை முடிகிற வளைவில் எல்லா வண்டியும் திரும்பியது, இவன் வண்டி திரும்பவில்லை. நேராகப் புல்லில் இறங்கியது. அந்தத் தடத்தில் வளைவுக்கு வெளியே சுவர் இல்லாமல் புல்வெளி விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை இன்று கோபத்தோடு எழுத முடிகிறது. வேறு இடமாக இருந்தால் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும், அல்லது எழுதவே முடிந்திருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடியைத் திறந்தேனா மூடினேனா என்று நினைவில்லை.

திரும்பி வந்தவன், "அப்பா, பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பக்கத்தில் பழைய மியாட்டா வைத்திருந்த பெரியவர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், ஒரு பாட்டிலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வந்தார். கேலிப்பரைத் திறந்து ஆயிலை வடித்தார். டிக்காஷன் நிறத்தில் குமிழ் குமிழாக வந்தது. 300 டிகிரி தாண்டியும் கொதிக்காத பந்தய ஆயிலை ஊற்றி, காற்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த ஆயிலின் விலையைக் கேட்டேன். மகன் வாங்கிய டைட்டானியம் நட்டின் விலையில் கால்வாசி இல்லை.

பிற்பகலில் பயிற்சியாளர் ஒருவர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே வண்டியை, அதே பழைய டயரில் ஓட்டிக் காட்டினார். மகனின் நல்ல சுற்றைவிட ஏழு வினாடி குறைவு. ஏழு வினாடி! பட்டியலில் உள்ள பதினொன்றையும் மாட்டினாலும் அதில் ஒரு வினாடி கிடைத்திருக்குமா என்று அவனையே கேட்டேன். பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. சைலன்சர் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

என் வரிசை இதுதான், தம்பி. முதலில் டயர். அதோடு நல்ல வீல் அலைன்மென்ட். அதற்கு நூற்றைம்பது, இருநூறு டாலர் ஆகும். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையில் படும்படி சக்கரத்தின் சாய்வை அமைத்துக் கொடுப்பார்கள். செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடுத்து பிரேக் ஆயில், பேட். பிறகு ஓட்டக் கற்றுக்கொள்வது. காலி பார்க்கிங் மைதானத்தில் கூம்பு வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் நாட்களை எஸ்சிசிஏ என்ற சங்கம் பல ஊர்களில் நடத்துகிறது. டெக்சாஸிலும் உண்டு. ஒரு வருடம் அங்கே போ. அதற்குப் பிறகும் வண்டி போதவில்லை என்று தோன்றினால் ஷாக் அப்சார்பர். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டித் தாழ்த்துவது எதற்கும் உதவாது. சக்கரம் மேலே வர இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்புக்குச் செய்தி வரும்.

இன்னொன்று, உன் பட்டியலில் இல்லாதது. ரோல் பார். தலைக்குப் பின்னால் வளைத்து நிற்கும் இரும்புக் குழாய். அது பதினைந்து இருபது கிலோ எடையைக் கூட்டும், குறைக்காது. எடை குறைப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எடை ஏற்றச் சொல்கிறேனே என்று சிரிக்காதே. கூரை இல்லாத வண்டி கவிழ்ந்தால் உன் தலைக்கும் தரைக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. அது இல்லாமல் பந்தய பெல்ட் மட்டும் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த பெல்ட் உன்னை நிமிர்த்திக் கட்டிவைத்துவிடும், குனியக்கூட முடியாது. எடைக்காகக் காற்றுப்பையைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் என் வாயில் கெட்ட வார்த்தை வரும்.

லித்தியம் பேட்டரியில் பத்துக் கிலோ வரை உண்மையாகவே குறையும், மறுக்கவில்லை. கடுங்குளிரில் சண்டித்தனம் செய்யும், மகனுடையது ஒரு நவம்பர் காலையில் செய்தது. உங்கள் ஊரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வரிசையில் கடைசி. இறக்கையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நீ போகிற வேகத்தில் அது துணி காயப்போட உதவும். டர்போ போடலாமா என்று அடுத்துக் கேட்பாய். அது தரும் சக்தி நிஜம். அதன் பின்னாலேயே கிளட்ச், ரேடியேட்டர், ஆயில் கூலர், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். மகன் லேசான பந்தய இருக்கை ஒன்று வாங்கியபோது "உட்காருவதற்கு ஆயிரம் டாலரா" என்று கேலி செய்தேன். ஆனால் எடை நன்றாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்காமல் அவனால் உட்கார முடிந்தது. உயரமானவன், தலையும் இரண்டு அங்குலம் கீழே வந்தது. நல்ல செலவு.

"சார், அவன் காசு, அவன் சந்தோஷம், உங்களுக்கு என்ன" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். சைலன்சர் சத்தம் பிடித்திருந்தால் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? நாதஸ்வரம் பிடித்தவன் நாதஸ்வரக் கச்சேரிக்குப் போகிறான், அதைத் தப்பென்று சொல்வேனா? ஆனால் அதை வாங்கிவிட்டு "வண்டியின் செயல்திறனைக் கூட்டினேன்" என்று சொல்லாதே, அந்தச் சொல்லை நம்பி வளைவுக்குள் போகாதே என்றுதான் சொல்கிறேன். பிள்ளை காசைத் தொலைத்தால் அப்பனுக்கு ஒரு நாள் வயிற்றெரிச்சல். புல்வெளி இல்லாத வளைவில் தொலைந்தால்?

உன் பட்டியலைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பதினொன்றில் ஒன்பது அடித்தாயிற்று. பேட்டரி தங்கலாம், பிறகு பார்ப்போம். சைலன்சருக்குப் பக்கத்தில் "ஆசைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது வண்டிப்பக்கம் போய்க் குனிந்து பார். டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நாலு டயரிலும் பார்த்து, படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.